கூட்டணிக் கூட்டும் எக்சிட் போல் பூரியும்

அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பொருளாளர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வராமல் வாட்ஸ்ஆப்பில் மட்டும் வாதாடும் உறுப்பினர்களுக்கும்,



உங்கள் வாட்ஸ்ஆப் குழுவின் விதிமுறைகளில் தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம், குப்பை பிரிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி இருக்கும்: அரசியல் பதிவுகளுக்கு அனுமதி இல்லை. அந்த வரி எந்தச் சண்டைக்குப் பிறகு வந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அதே சங்கம்தான் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மண்டபத்தில் புரொஜெக்டர் மாட்டுகிறது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இரவில், எத்தனையோ குடியிருப்புகளில் ஆறிப்போன சமோசாவோடு அந்தத் தோல்வியைச் சேர்ந்துதான் விழுங்கினார்கள். வாக்கு எண்ணிக்கை நாளில் மட்டும் மண்டபம் பூட்டியே கிடக்கிறது. அவரவர் வீட்டில், அவரவருக்குப் பிடித்த சேனலில், அவரவர் கைபேசியோடு முடிந்துவிடுகிறது அந்த நாள். என் கோரிக்கை சின்னது. அடுத்த எண்ணிக்கை நாளன்று மண்டபத்தைத் திறங்கள், பெரிய திரையைப் போடுங்கள், வீட்டுக்கு ஒரு பாத்திரமாக அரசியல் பலகாரம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு பகல் முழுக்க ஒரே மேசையில் நம்மை உட்காரவைக்கப் பேச்சால் முடியாது. கேலி கலந்த சாப்பாட்டால் முடியும் என்பது என் வாதம்.

கடிகாரமே இதற்கு ஒத்துழைக்கிறது. எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தொடங்கும். முதலில் தபால் ஓட்டு, அரை மணி நேரம் கழித்து மின்னணு இயந்திரங்கள். சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை, அதாவது ஒரு சுற்றுக்கு 14 வாக்குச்சாவடி. 250 சாவடி உள்ள தொகுதியில் 18 சுற்று. முடிய மாலையாகும், சில இடங்களில் நடுராத்திரி ஆகும். காலை டிபன், மதியச் சாப்பாடு, நாலு மணிக் காபி, இரவுப் பலகாரம் என்று ஒரு கல்யாண வீட்டின் நேர அட்டவணை தானாக அமைந்திருக்கிறது. அது மதுவிலக்கு நாள் என்பதால் டாஸ்மாக் கடைகளும் மூடியிருக்கும். கிரிக்கெட் இரவுகளில் சங்கச் செயலாளரைத் தூங்கவிடாத கவலை ஒன்றை அரசாங்கமே தீர்த்துவைக்கிறது.

சின்னங்களைப் பாருங்கள். 1951–52 முதல் பொதுத் தேர்தலில் பெரும்பாலான வாக்காளர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பிறந்தவை அவை. எல்லோருக்கும் பழகிய பொருளாக இருந்தால்தான் செல்லும். தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்து 1992-இல் ஓய்வுபெற்ற எம். எஸ். சேத்தி பென்சிலால் வரைந்துவைத்தவற்றில் பல இப்படி வீட்டுக்குள் புழங்கும் பொருள்கள்தாம். சுயேச்சைகளுக்கான பட்டியலைத் திறந்தால் பிரஷர் குக்கர், வாணலி, கேஸ் அடுப்பு, காலிஃபிளவர், வெண்டைக்காய், பச்சை மிளகாய், பலாப்பழம் என்று யாரோ மளிகைச் சீட்டுப் போட்டதுபோல் இருக்கும். தமிழ்நாட்டின் தேர்தல் சரித்திரமும் அடுப்படியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. பா.ம.க.வுக்கு மாம்பழம், வி.சி.க.வுக்குப் பானை. அ.தி.மு.க. உடைந்து இரட்டை இலை முடங்கியதால் 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல் கிடைத்தது, ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் குக்கரோடு நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தோடு நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலரும் களத்தில் இருந்தார்கள். எந்தப் பன்னீர்செல்வம் என்று வாக்காளருக்கு அடையாளம் காட்டியது அந்தப் பழம்தான்.

ஆகவே பலகாரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு போண்டாவுக்கு நடுவில் அரைவட்டமாக வெட்டிய கேசரியை நிறுத்தினால் உதயசூரியன். வாழையிலை இரண்டை ஒரே காம்பில் பிறந்ததுபோல் விரித்து அதன்மேல் எதைப் பரிமாறினாலும் இரட்டை இலை. காங்கிரசுக்குக் கைமுறுக்கு, பெயரிலேயே இருக்கிறது. கதிர் அரிவாளுக்கு முந்திரிப்பருப்பு; அந்த வளைவை வேறு எதுவும் தராது. பெரிய வெங்காயத்தை அடிவரை கீறிப் பஜ்ஜி மாவில் முக்கி எண்ணெயில் போட்டால் இதழ் விரிந்து தாமரை. 2024-இல் நாம் தமிழர் கட்சி நின்ற ஒலிவாங்கிக்குக் குச்சியில் குத்திய குலாப் ஜாமூன் போதும். விட்டுப்போன கட்சிகளின் அனுதாபிகள் கோபித்துக்கொள்ளாமல் யோசனை சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை: யார் எந்தச் சின்னம் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். என் வாதத்துக்கு அச்சாணியே இந்தக் குலுக்கல்தான். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது இதனால் வெளியே வராது. அதைவிட முக்கியம், தனக்குப் பிடிக்காத கட்சியின் சின்னத்தைத் தன் கையால், தன் எண்ணெயில் சுட வேண்டிய நிலைமை பலருக்கும் வரும். சுடுபவர் அதை வேண்டுமென்றே கெடுக்கப்போவதில்லை. பஜ்ஜி வேகாமல் போனால் சிரிப்புக்கு ஆளாவது தாமரையோ சூரியனோ அல்ல, மூன்றாம் மாடி வீட்டுச் சமையல். கட்சி விசுவாசத்தைவிடக் கைமணத்தின் மானம் நம் ஊரில் பெரியது. அந்த மானத்தைப் பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேலிப் பலகாரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொலைக்காட்சி மறைக்கிற விஷயத்தை அது விளக்கும். காலை டிபனுக்கு எக்சிட் போல் பூரி போடுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த நொடியில் பந்துபோல் இருக்கும். தட்டில் வைத்துக் குருமா ஊற்றுவதற்குள் காற்றுப் போய்விடும். 2024 ஜூன் 1 மாலை வந்த கருத்துக்கணிப்புகளில் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன; ஜூன் 4 அன்று வந்தது 293. மதியத்துக்குக் கூட்டணிக் கூட்டு. பூசணி, சௌசௌ, கடலைப்பருப்பு எல்லாம் ஒன்றாக வெந்தாலும் எது எதில் கரைந்தது என்று கடைசிவரை தெரியாது. நாலு மணிக்குக் குழிப்பணியாரம், கட்சி தாவியவர்களின் நினைவாக. ஓரம் சிவந்து, நடுவில் இன்னும் மாவு ஈரம் மினுங்கும்போதே கம்பியால் ஒரு சுழற்று சுழற்றித் திருப்பிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் பிய்ந்துபோகும், கொஞ்சம் பிந்தினால் கருகும். தாவியவர்கள் அனைவரும் அறிந்த தொழில்நுட்பம் இது. அப்பளத்துக்கு டெபாசிட் என்று பெயர் வைக்கலாம். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காத வேட்பாளருக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க, ஓர் அப்பளத்தை நொறுக்கிக் காட்டினால் போதும். மேசையின் கோடியில் நோட்டா உப்புமா கட்டாயம் இருக்க வேண்டும். யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள், ஆனாலும் சும்மா நினைக்காதீர்கள், அதே ஆர்.கே. நகரில் நோட்டா 2,373 ஓட்டு வாங்கியது, பா.ஜ.க. 1,417. அல்வாவை மட்டும் தவிர்த்துவிடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். வாக்குறுதிக்கு அல்வா என்ற கேலி பழசாகிப்போனது. தில்லி நிதியமைச்சகத்திலேயே பட்ஜெட்டுக்கு முன் வாணலி வைத்து அல்வா கிண்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் நாம் என்ன கிண்டல் செய்ய?

தேர்தலையும் பலகாரத்தையும் இப்படி முடிச்சுப் போடுவதில் நாம் முந்தியவர்கள் அல்லர். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் தேர்தல் கேக் என்றே ஒன்று இருந்தது. அமீலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அதற்கான அளவு இருக்கிறது: 30 குவார்ட் மாவு, 10 பவுண்டு வெண்ணெய், 14 பவுண்டு சர்க்கரை, 12 பவுண்டு உலர்திராட்சை, மூன்று டஜன் முட்டை. ஊருக்கே போடுகிற அளவு அது. ஆஸ்திரேலியாவில் கட்டாய வாக்களிப்பு, சனிக்கிழமை தேர்தல், பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் சங்கம் ரொட்டியில் சாசேஜ் சுருட்டி விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டும். அதற்கு ஜனநாயக சாசேஜ் என்று மக்கள் வைத்த பெயரை, அந்நாட்டு தேசிய அகராதி மையம் 2016-இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு எதிர்க்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் அதை நுனியிலிருந்து கடிக்காமல் நடுவில் கடித்தார் என்று நாடே சிரித்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும்தான் சிரித்தார்கள். நான் கேட்பது அந்த மாதிரிச் சிரிப்பு.

இனி உங்கள் ஆட்சேபங்கள். எல்லாவற்றிலும் நியாயமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: கேலி செய்வது கூடத்தில், வேகுவது அடுக்களையில், ஆண்கள் திரைமுன் ஆரவாரம் செய்ய, பெண்கள் பணியாரம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள் அல்லவா? ஆமாம், நடந்தே தீரும், தடுக்காவிட்டால். அந்த அமெரிக்கக் கேக்கைச் சுட்ட பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. 1992-இல், வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் சுடாமல் தன் தொழிலைப் பார்த்ததாக ஹிலாரி கிளின்டன் சொன்ன ஒரு வார்த்தை புயல் கிளப்பியது. உடனே ஃபேமிலி சர்க்கிள் என்ற பத்திரிகை அவருக்கும் பார்பரா புஷ்ஷுக்கும் பிஸ்கட் போட்டி வைத்தது. வாசகர்கள் சுட்டுப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். ஹிலாரி ஜெயித்தார், கணவரும் ஜெயித்தார். பிறகு 2016 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் அந்தப் போட்டி தொடர்ந்தது. 2008-லும் 2016-லும் மட்டும் பிஸ்கட் ஒன்று சொல்ல, நாடு வேறொன்று சொன்னது. வேடிக்கைதான். ஆனால் வேட்பாளரின் மனைவி என்றால் மாவு பிசைந்து காட்ட வேண்டும் என்பது அந்த வேடிக்கைக்குள் ஒளிந்திருந்த கட்டளை. ஆகவே உங்கள் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்: சீட்டில் வருவது வீட்டு எண் அல்ல, பெயர், ஆண்களின் பெயரும் அதே டப்பாவில் இருக்கும். திரையைப் பார்த்து அதிகம் கத்துகிறவர் கையில் பணியாரக் கம்பியைக் கொடுத்துவிட்டால் சத்தமும் குறையும். எதையும் கேட்டரிங்கில் சொல்லாதீர்கள். கடையில் வாங்கிய சூரியனைச் செய்தவர் யாரென்று தெரியாது. அதில் மானமும் இல்லை, கேலியும் இல்லை.

சண்டை வந்துவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். வரலாம். எல்லை எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால் வராது. 2024-இல் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கோவையில் தோற்றதும், அவர் படத்தை ஓர் ஆட்டின் கழுத்தில் மாட்டி நடுத்தெருவில் வெட்டுகிற காணொளி ஒன்று பரவியது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அவருக்கும் ஆட்டுக்கும் முடிச்சுப் போட்ட கிண்டல் அதற்கு முன்பே இரண்டு தரப்பிலும் புழங்கியதுதான். ஆடு வளர்த்ததை அவரே பேசியிருக்கிறார். மீம் அளவில் கேலியாக இருந்தது, கத்தி வந்ததும் மிரட்டலாகிவிட்டது. சின்னத்தைச் சாப்பிடலாம், ஆளைச் சாப்பிடக் கூடாது. எந்தத் தலைவர் முகமும் கேக்கின் மேல் வேண்டாம். வெட்டுகிற நொடியில் அறையில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் அதைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்றும் உண்டு. நம் ஊரில் தயிர்சாதம் என்றாலும் பிரியாணி என்றாலும் வெறும் சாப்பாட்டைச் சொல்வதில்லை. ஒரு சாதியையோ மதத்தையோ சுட்டிக் குத்துவதற்கும் அந்தச் சொற்கள் பயன்படுகின்றன. அந்தப் பட்டியலிலிருந்து எதையும் எடுத்துக் கட்சிப் பெயர் ஒட்டாதீர்கள். அசைவம் கூடாது என்று உங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் இருக்குமானால், எண்ணிக்கை நாளைச் சாக்காக வைத்து அதை ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள். பானைச் சின்னத்துக்கு மீன்குழம்பு வைக்க ஒருவருக்கு உரிமை இல்லாத மண்டபத்தில் எந்த ஜனநாயகத்தைப் பற்றிச் சிரிப்பது?

அரசியல் என்ன நொறுக்குத் தீனியா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்பார். அவருக்கு என் பதில் கொஞ்சம் நீளும், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் ஆட்சி மாறியதே அரிசியால். 1967-இல் தட்டுப்பாட்டில் ஊர் தவித்தபோது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு வந்த தி.மு.க., காங்கிரசை வீட்டுக்கு அனுப்பியது. காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு வந்த அம்மா உணவகம், 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு: சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே அரசியல் சரித்திரம் எழுதவே முடியாது. கேலியால் அரசியல் இலேசாகிவிடும் என்று அவர் அஞ்சினால், இப்போது நம் குடியிருப்புகளில் அது எந்த எடையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். 2024-இல் தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுப் பதிவானது. மத்திய சென்னையில் சுமார் 54. அரசியல் பேசாதே என்ற விதிமுறையால்தான் இந்த வித்தியாசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். மௌனத்தால் அரசியலின் மரியாதை கூடிவிடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

யாரை அழைப்பது என்பதில் ஒரு வேண்டுகோள். குடியிருப்பவர்கள் மட்டும் போதாது. காவலாளி, வீட்டுவேலைக்கு வருகிறவர், இஸ்திரி போடுகிறவர், பிளம்பர் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். சாப்பாட்டுக்காக மட்டும் அழைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும், எண்ணிக்கைக்காக அழையுங்கள். இதில் சுயநலமும் இருக்கிறது. சாவடிகளை வரிசை எண்படி எண்ணுவதால், முதல் சுற்று என்பது தொகுதியின் ஏதோ ஒரு மூலை. மூன்றாம் சுற்று இன்னொரு மூலை. ஒரு வேட்பாளர் திடீரென்று நாலாயிரம் ஓட்டு முந்தினால், காற்று திசை மாறிவிட்டது என்று ஸ்டூடியோவில் முழங்குவார்கள். அந்தச் சாவடிகள் எந்தப் பக்கம், அங்கே யார் குடியிருக்கிறார்கள், தண்ணீர் வருகிறதா என்பது உங்கள் மண்டபத்தில் இஸ்திரி போடுகிறவருக்குத் தெரிந்த அளவு ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாது. முன்னிலைக்கும் முடிவுக்கும் உள்ள தூரத்தை அவர் நிதானமாகச் சொல்லுவார். சேனல் விஷயத்தில் தகராறு வேண்டாம். மணிக்கொரு முறை மாற்றுங்கள், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தை ஒரு மடிக்கணினியில் பக்கத்திலேயே திறந்துவையுங்கள். இரண்டுக்கும் இடையில் ஓடும் எண் வித்தியாசமே பாதி நாளைக்குப் பொழுதுபோக்கு.

கடைசியாக அளவு பற்றி. மதியத்தோடு முடிந்துவிடும் என்று எண்ணி எல்லா மாவையும் காலையிலேயே தீர்த்துவிடாதீர்கள். 2016-இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்தில் வந்த முடிவு, தபால் ஓட்டுச் சச்சரவாகி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024-இல் விருதுநகரில் முன்னிலை மாறி மாறி வந்து 4,379-இல் நின்றது. 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137; அத்தனை பேர் உங்கள் ஒரே பிளாக்கில் இருப்பார்கள். அதனால் இரவுக்கு ஒரு கிண்ணம் பணியார மாவு, அரை லிட்டர் பால், கொஞ்சம் டிகாக்ஷன் எடுத்து வையுங்கள். கம்பியை யார் பிடிப்பது என்பதற்கு இன்னொரு சீட்டும் குலுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டா உப்புமாவுக்கு இப்போதே பதிவு செய்துகொள்ளும் ஒரு வாக்காளர்